வாசலில் நின்று கேட்ட மன்னிப்பு

1998 கோடையின் கடைசியில் ஜப்பானியத் தொலைக்காட்சிகளில் ஒரு காட்சி ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. வாகயாமா நகரில் ஒரு வீடு. அதன் மதிலை ஒட்டி மடக்கு ஏணிகள் வரிசையாக நிற்கின்றன. ஏணிகளின்மேல் கேமராவும் மைக்குமாக ஆட்கள். மதிலுக்கு உள்ளிருந்து ஒரு பெண், செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை உயர்த்தி அவர்கள்மீது பீய்ச்சுகிறார். சிரித்துக்கொண்டே பீய்ச்சுகிறார். அந்தச் சிரிப்பு ஒன்றே போதுமாக இருந்தது. வழக்கு நீதிமன்றம் ஏறுவதற்குப் பல மாதங்கள் முன்பே நாடு தீர்ப்பை எழுதி முடித்துவிட்டது.

அவர் பெயர் ஹயாஷி மசுமி. அந்த ஜூலை 25 அன்று குடியிருப்புக்காரர்கள் கூடி நடத்திய திருவிழாவில் சமைத்த கறிக்குழம்பில் ஆர்சனிக் கலந்திருந்தது. 67 பேர் நஞ்சுண்டார்கள். அவர்களில் நால்வர் இறந்தார்கள். அக்டோபர் 4 அன்று மசுமியும் கணவரும் காப்பீட்டு மோசடி தொடர்பான வேறு வழக்குகளில் கைதானார்கள். டிசம்பரில் குழம்புக் கொலைகளுக்காக மசுமிமீது வழக்குப் பாய்ந்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் மரண தண்டனையை உறுதிசெய்தது. தான் செய்யவில்லை என்று சொல்லி அவர் மறுவிசாரணை கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

ஏணிக்காரர்களின் கேமராவில் சரியாகப் பதியாத ஒன்று உண்டு. அந்த மதிலுக்குள் நான்கு பிள்ளைகள் இருந்தார்கள். மூத்தவளுக்குப் பதினான்கு வயது; கடைக்குட்டிக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதுகூட ஆகவில்லை. ஒரே காலையில் அப்பாவையும் அம்மாவையும் போலீஸ் அழைத்துப் போனதும் நால்வரும் குழந்தைகள் காப்பகத்துக்குப் போனார்கள். ஆளில்லாத அந்த வீட்டுக்கு 2000இல் யாரோ தீ வைத்தார்கள்.

கொலை செய்தவர்களைப் பற்றி எழுதியவை ஒரு நூலகம் அளவுக்கு இருக்கின்றன. கொல்லப்பட்டவர்களைப் பற்றித் தாமதமாகவாவது எழுதத் தொடங்கியிருக்கிறோம். இரண்டுக்கும் நடுவே, குற்றவாளியின் அம்மா, தங்கை, மனைவி, மகன் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. ஜப்பானிய மொழியில் இவர்களுக்கு ஒரு பெயர்: ‘காகைஷா கஸோகு’, அதாவது தீங்கிழைத்தவரின் குடும்பம். 2010இல் என்.எச்.கே. இதைப் பற்றி ஒரு நிகழ்ச்சி செய்தது. அதே ஆண்டு சுசுகி நொபுமொதோ இதையே தலைப்பாக வைத்து ஒரு நூல் எழுதினார். அதன் பிறகே இந்தச் சொல் பொதுப்பேச்சுக்கு வந்தது. பெயர் இல்லாத காலத்திலும் துன்பம் இருந்தது.

ஜப்பானை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. குடும்பத்தைத் தண்டிப்பது அங்கே ஒரு காலத்தில் சட்டமாகவே இருந்தது. எடோ காலத்தில் ‘என்ஸா’ என்ற முறைப்படி, கொடுங்குற்றம் செய்தவனின் உறவினர்களும் தண்டனைக்கு உள்ளானார்கள். ஐந்து வீடுகளை ஒரு குழுவாகக் கட்டி, ஒரு வீட்டின் தவறுக்கு மற்ற நான்கையும் பொறுப்பாக்கும் ஏற்பாடும் இருந்தது. மெய்ஜி ஆட்சியில் நவீனச் சட்டம் வந்து இவற்றைத் துடைத்தது. ஏட்டிலிருந்து துடைத்தது என்பதுவரை உறுதி. 2003 ஜூலையில் நாகசாகியில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் நான்கு வயதுக் குழந்தையைக் கொன்றதாகத் தெரியவந்தபோது, கொனோயிகே யொஷிததா என்ற அமைச்சர் செய்தியாளர்களிடம் பேசினார். சிறுவனின் பெற்றோரை ஊர் நடுவே இழுத்துப்போய்த் தலையை வெட்ட வேண்டும் என்றார். இளைஞர் நலனுக்கான அரசுக் குழுவில் முக்கியப் பொறுப்பில் இருந்தவர் அவர். வாய்தவறி வந்த கோபச் சொல் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் அவர் பயன்படுத்தியவை எடோ காலத்துத் தண்டனைகளின் பெயர்கள். நூறாண்டுக்கு மேல் கழித்தும் அவை நாக்கு நுனியில் தயாராக இருந்திருக்கின்றன.

சட்டம் விலகிய இடத்தில் உட்கார்ந்திருப்பது ‘செகென்’. இந்தச் சொல்லை ஆங்கிலத்தில் விளக்கப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். தமிழருக்கு அந்தச் சிரமம் இல்லை. நம் வீடுகளில் “நாலு பேர் என்ன சொல்லுவாங்க” என்கிறோமே, அந்த நாலு பேர்தான் செகென். அந்த நாலு பேருக்கு முகம் கிடையாது, விலாசம் கிடையாது. இன்னார் என்று சுட்டிக்காட்ட முடியாது. கல்யாணம், சாவு, வேலை, வாடகை வீடு என்று எல்லாவற்றிலும் அவர்கள் இருப்பார்கள். ஊர்விலக்குக்கு ஜப்பானியச் சொல் ‘முரா ஹாச்சிபு’. ஊரின் எட்டுப் பங்கு என்று பொருள். பத்து வகை ஊர்க்காரியங்களில் எட்டில் தள்ளிவைத்தாலும், தீயை அணைப்பதிலும் பிணத்தை அடக்கம் செய்வதிலும் மட்டும் கைகொடுப்பார்களாம். பெயருக்கு அப்படி ஒரு விளக்கம் சொல்வார்கள். ஹயாஷி வீட்டுக்கு வந்த நெருப்பைப் பார்த்தால், அந்த மீதி இரண்டு பங்கும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்று தெரிகிறது.

1972 பிப்ரவரியில் ஐக்கிய செம்படை என்ற தீவிர இடதுசாரிக் குழுவைச் சேர்ந்த ஐந்து இளைஞர்கள் அசாமா மலைச்சாரலில் ஒரு விடுதியைப் பிடித்துக்கொண்டு, அதைப் பார்த்துக்கொண்ட பெண்ணைப் பிணையாக வைத்துப் பத்து நாள் போலீசோடு துப்பாக்கிச் சண்டை போட்டார்கள். போலீஸ், அந்த இளைஞர்களின் தாய்மார்களைப் பனியில் கூட்டிவந்து ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்து, சரணடையச் சொல்லிக் கெஞ்ச வைத்தது. பிப்ரவரி 28 அன்று காவல்படை உள்ளே புகுந்ததை நாடே நேரலையில் பார்த்தது. அன்றைக்கே, அவர்களில் ஒருவரின் தந்தை தன் வீட்டில் உயிரை மாய்த்துக்கொண்டார். பிணையாக இருந்த பெண் உயிரோடு மீண்டார். சுட்ட ஐவரும் உயிரோடு பிடிபட்டார்கள். விடுதிக்கு எங்கோ தொலைவில், துப்பாக்கியைத் தொட்டே இராத ஒருவர் போய்ச்சேர்ந்தார்.

மியாசாகி சுதோமுவின் குடும்பம் இந்தக் கதையில் தவிர்க்க முடியாதது. 1988, 1989 ஆண்டுகளில் தோக்கியோவிலும் சைதாமாவிலும் நான்கு சிறுமிகளைக் கடத்திக் கொன்றவன் அவன். அவனுடைய அப்பா தோக்கியோவின் மேற்கு ஓரத்து மலையூர் ஒன்றில் உள்ளூர்ச் செய்தித்தாள் நடத்தியவர். அதாவது, பிறர் வீட்டுச் செய்தியை அச்சடித்து விற்றவர். 1989 ஜூலையில் மகன் பிடிபட்ட பிறகு பத்திரிகை நின்றுபோனது. அஞ்சலில் வந்தவை பெரும்பாலும் சாபங்கள். மகள்களையும் விட்டுவைக்கக் கூடாது என்று எழுதியவர்களும் உண்டு. ஒரு மகளின் கல்யாணம் முறிந்தது. மற்றவள் படிப்பை விட்டாள். அப்பாவின் உடன்பிறந்தவர்கள் வேலையை விட்டு விலகினார்கள். சிறுமிகள் செத்திருக்க, தன் காசைப் போட்டு மகனுக்குத் தனியாக வக்கீல் வைப்பது நியாயமில்லை என்று அப்பா மறுத்துவிட்டார். நிலத்தை விற்று, அந்தப் பணத்தை இறந்த பிள்ளைகளின் குடும்பங்களுக்கு இழப்பீடாகக் கொடுக்க ஏற்பாடு செய்தார். அதை முடித்துவிட்டு, 1994 நவம்பரில் தன் உயிரை எடுத்துக்கொண்டார்.

இந்த வரிசைதான் என்னை உறுத்துகிறது. முதலில் நிலம், பிறகு பணம், பிறகு உயிர். கடன்பட்டவர் கணக்கை முடித்துக்கொண்டு கிளம்புவதுபோல. ஆனால் கடன் யாருக்கு? இழப்பீடு அந்த நான்கு வீடுகளுக்குப் போனது. அதில் ஒரு பொருள் இருக்கிறது. உயிரை அந்த வீடுகளில் யார் கேட்டார்கள்?

மியாசாகி தூக்கிலிடப்பட்டது 2008 ஜூன் 17 அன்று. அதற்கு ஒன்பது நாள் முன்பு, ஜூன் 8 ஞாயிறு மதியம், தோக்கியோவின் அகிஹபாராவில் கட்டோ தொமோஹிரோ என்ற இருபத்தைந்து வயதுக்காரன் வாடகை லாரியைக் கூட்டத்துக்குள் ஏற்றினான். இறங்கிக் கத்தியால் குத்தினான். ஏழு பேர் இறந்தார்கள், பத்துப் பேர் காயமடைந்தார்கள். ஒரு குடும்பத்தின் கதை முடிந்த மாதத்தில் இன்னொரு குடும்பத்தின் கதை தொடங்கியது.

ஜூன் 10 அன்று வடக்கே, அவோமோரி நகரில், அவனுடைய பெற்றோர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். எதிரே விளக்குகள், மைக்குகள், கேமராக்கள். அப்பா, இறந்தவர்களிடமும் காயம்பட்டவர்களிடமும் மன்னிப்புக் கேட்டுப் பேசினார். அம்மா குனிந்து வணங்கினார். பிறகு நிற்க முடியாமல் அப்படியே தரையில் சரிந்தார். படம் நாடெங்கும் போயிற்று. அப்பா தன் வேலையை விட்டார்.

வாசலில் மன்னிப்புக் கேட்பது அங்கே ஒரு சடங்கு. ஊழலில் மாட்டிய நிறுவனத்தின் தலைவர்கள் வரிசையாக நின்று குனிவதைப் பார்த்திருப்போம். அதன் வீட்டு வடிவம் இது. சடங்கு என்பதால் போலி என்று நான் சொல்லவில்லை. அந்த அம்மாவின் முழங்கால்கள் நடிக்கவில்லை. ஆனால் அந்த வாசலில், அகிஹபாராவில் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் ஒருவர்கூட இல்லை. அவர்கள் சவக்கிடங்குகளிலும் மருத்துவமனைகளிலும் இருந்தார்கள். வாசலில் நின்றிருந்தது ஊடகம். ஊடகத்தின் பின்னால் செகென். மன்னிப்பின் விலாசத்தில் ஏழு குடும்பங்களின் பெயர். கையெழுத்துப் போட்டு வாங்கியவர்கள் வேறு. அப்படி வாங்கியவர்கள் மன்னிக்கவும் முடியாது. காயம்பட்டவர் ஒருநாள் மன்னிக்கக்கூடும், மன்னிக்காமலும் போகலாம். இரண்டும் அவர் உரிமை. தன்மீது கீறல்கூட விழாத நாலு பேரிடம் அந்த உரிமை கிடையாது. ஆகவே அவர்களிடம் கேட்கும் மன்னிப்புக்கு முடிவும் கிடையாது.

கட்டோவுக்கு ஒரு தம்பி. அண்ணன் கொலை செய்த அன்றே தம்பி தன் வேலையை விட்டுவிட்டார். அதன்பின் ஊர் மாறினார், வேலை மாறினார். எங்கே போய்க் குடியேறினாலும் செய்தியாளர்கள் தேடி வந்தார்கள், திரும்பவும் மூட்டை கட்டினார். காவலில் இருந்த அண்ணனைப் பார்க்கக் கேட்டுக் கடிதம் மேல் கடிதம் எழுதினார், அண்ணன் சந்திக்கவில்லை. ஒரு பெண்ணைக் காதலித்தார். உண்மையைச் சொன்னார். அந்தப் பெண் விலகவில்லை. வீட்டில் சம்மதிக்கவில்லை, பிறகு உறவும் முறிந்தது. 2014இல், இருபத்தெட்டு வயதில், தம்பி தற்கொலை செய்துகொண்டார். ஒரு வார இதழ் நிருபரோடு அவர் நெடுநாள் பேசிவந்தார் என்பதும், அந்த இதழ்தான் அவர் இறந்த சேதியை வெளியிட்டது என்பதும் இந்தக் கதையின் முறுக்குகள். துரத்தியவர்களும் காதுகொடுத்தவரும் ஒரே தொழில்காரர்கள். அண்ணன் 2022 ஜூலையில்தான் தூக்கிலிடப்பட்டான்.

அந்தக் குடும்பத்தின் உள்கதையும் வெளியே வந்தது. பரீட்சை மதிப்பெண்ணே உலகம் என்று அம்மா பிள்ளைகளைக் கசக்கி வளர்த்தது, தண்டனையாகச் சோற்றைத் தரையில் காகிதத்தின்மேல் கொட்டிச் சாப்பிட வைத்தது எல்லாம் தம்பியின் வாயாலும் நீதிமன்றத்தில் அண்ணனின் வாயாலும் தெரியவந்தன. அப்படியானால் பெற்றோருக்குப் பங்கே இல்லை என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அதே தரையில், அதே காகிதத்தின் பக்கத்தில் வளர்ந்த தம்பி யாரையும் குத்தவில்லை. வளர்ப்பு ஒரு காரணமாக இருக்கலாம். காரணமும் பொறுப்பும் ஒன்றல்ல. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று நம்மூரில் சொல்வார்கள். இங்கே பழி, தம்பிவரைக்கும் போய் அவரைக் கொண்டுபோனது.

இங்கிலாந்தில் ரேச்சல் காண்ட்ரி என்ற குற்றவியல் ஆய்வாளர் கொலை, பாலியல் வன்முறை போன்ற கொடுங்குற்றங்கள் செய்தவர்களின் உறவினர்களைத் தேடிப்போய் நீண்ட உரையாடல்கள் நடத்தினார். 2007இல் அது நூலாக வந்தது. ஊர் இவர்கள்மேல் சுமத்தும் பழியை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று, ஒட்டிக்கொள்ளும் கறை: நீயும் அதே ரத்தம்தானே என்பது. இன்னொன்று, குற்றப் பங்கு: உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும், தெரிந்து ஏன் சும்மா இருந்தாய் என்பது. ‘என்ன விதையோ அந்த மரம்’, ‘வளர்ப்பு சரியில்லை’ என்று நாம் சொல்லும் இரண்டு வசவுகளுக்குள் இந்த முழு வகைப்பாடும் அடங்கிவிடுகிறது. அவர் கவனித்த மற்றொன்று முக்கியமானது. சிறைக்குப் பார்க்கப் போவது, வக்கீலுக்கு அலைவது, அக்கம்பக்கத்தின் பார்வையைத் தாங்குவது எல்லாம் பெரும்பாலும் பெண்களின் தலையில்தான் விழுகிறது. அம்மாக்கள், மனைவிகள், அக்கா தங்கைகள். நம்மூர் மத்தியச் சிறை எதன் வாசலிலாவது மனு நாளில் போய் நின்று வரிசையைப் பார்த்தால் இதற்கு நூல் வேண்டியதில்லை.

அதிர்ச்சியின் முதல் மணிநேரங்கள் எப்படி இருக்கும்? குடும்பங்கள் சொல்பவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது: எல்லாமே சின்ன வேலைகளாக இருக்கின்றன. விடிகாலையில் அழைப்புமணி. சோதனைக்கு வந்த போலீஸ். தொலைபேசியின் வயரைப் பிடுங்குவது. திரைச்சீலை. வாசல்தூணில் பதித்திருக்கும் குடும்பப் பெயர்ப் பலகையைக் கழற்றுவது. நாளைக்கு வேலைக்குப் போவதா, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதா, இன்று இரவு எங்கே படுப்பது? அழுகை பிறகுதான் வருகிறது. ‘என் பிள்ளை செய்திருக்க மாட்டான்’ என்று அம்மா சொல்வதை மறுநாள் பேப்பர் பொய் என்று படிக்கிறது. அந்த நேரத்தில் அது பொய்யே இல்லை. அவருக்குத் தெரிந்த பிள்ளை அதைச் செய்யவில்லை. 1997இல் கோபே நகரில் சிறுவனைக் கொன்ற பதினான்கு வயது ‘சிறுவன் ஏ’யின் பெற்றோர் 1999இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். காவலில் இருந்த மகனை முதன்முதலாகப் பார்க்கப் போனபோது, வெளியே போ என்று அவன் வெறிகொண்டு கத்தியதை அதில் எழுதியிருக்கிறார்கள். அந்த அறையில்தான் அவர்களுக்கு விஷயம் உறைக்கிறது.

குடும்பப் பெயர் என்றேன். தமிழருக்கு இந்தத் தொல்லையின் ஆழம் சட்டென்று பிடிபடாது. நம் பெயருக்கு முன்னால் ஒரு முதலெழுத்து இருக்கிறது. அதைப் பார்த்து யாரும் இன்னார் தம்பி என்று கண்டுபிடித்துவிட முடியாது. ஜப்பானில் வீட்டு வாசலிலிருந்து பள்ளி வருகைப்பதிவுவரை குடும்பப் பெயரே முன்னால் வரும். அபூர்வமான பெயராக இருந்துவிட்டால் ஒளிய இடமில்லை. அதனால் அங்கே ஒரு வழக்கம்: கணவன் குற்றவாளியென்றால் மனைவி மணவிலக்கு வாங்கித் தன் பிறந்தவீட்டுப் பெயருக்குத் திரும்புவாள், பிள்ளைகளின் பெயரையும் குடும்ப நீதிமன்றத்தில் மாற்றிக்கொள்வாள். மனம் முறிந்து அல்ல, பெயருக்காகவே முறியும் மணங்கள் அவை.

அகிஹபாரா நடந்த அதே 2008இல், வடக்கே சென்டாய் நகரில் அபே க்யோகோ என்ற பெண் ‘வேர்ல்ட் ஓப்பன் ஹார்ட்’ என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். குற்றவாளிகளின் குடும்பங்களுக்காக மட்டும். தோஹோகு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்தபோது, பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவி மையங்கள் இருக்கின்றன, சிறையிலிருந்து வருபவருக்குக்கூட ஏதோ இருக்கிறது, இவர்களுக்கு நாட்டில் ஒன்றுமே இல்லை என்பதைக் கண்டார். ஒரு தொலைபேசி எண், ஆலோசனை, நீதிமன்றத்துக்குத் துணை, குடும்பங்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசக் கூட்டங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அவரிடம் வந்திருக்கின்றன. 2018இல் யமகாதா மாகாண வழக்கறிஞர் சங்கமும் இப்படி ஒரு மையத்தைத் திறந்தது.

கேமராமுன் வந்து மன்னிப்புக் கேட்பதா வேண்டாமா என்பது இந்தக் குடும்பங்கள் முதலில் சந்திக்கும் சிக்கல்களில் ஒன்று. கேட்டால், நடிப்பு என்பார்கள். கேட்காவிட்டால், கல்நெஞ்சு என்பார்கள். அழுதால் ஒரு தலைப்பு, அழாவிட்டால் ஒரு தலைப்பு. நம் செய்திச் சேனல்களைப் பார்ப்பவருக்கு இந்தப் பொறி புதிதல்ல. கைதானவனின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவியின் வாய்க்கருகே மைக்கை நீட்டி, “உங்க பையன் செஞ்சதைப் பத்தி என்னம்மா நினைக்கிறீங்க?” என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் என்று ஒன்று உலகத்தில் இருக்கிறதா?

ஜப்பானியப் பத்திரிகையாளர்கள் இதைப் பற்றி யோசிக்காமல் இல்லை. வாகயாமாவின் ஏணிகள் அவர்களையே கூசச் செய்தன. 2001 டிசம்பரில் ஜப்பான் செய்தித்தாள் சங்கம் ஒரு நெறியை வெளியிட்டது: விருப்பமில்லாதவர்களைக் கும்பலாகச் சூழ்ந்துகொண்டு செய்தி சேகரிக்கக் கூடாது, பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமல்ல, சந்தேகத்துக்கு உள்ளானவரின் சுற்றத்துக்கும் இது பொருந்தும். பிறகு ஏணிகளைச் சில இடங்களில் பங்கீட்டு முறையில் வைத்தார்கள். எல்லோர் சார்பிலும் ஓரிருவர் போவது. நல்லதுதான். ஆனால் அதற்குள் இணையம் வந்துவிட்டது. இன்றைக்கு மதில் ஏற ஏணி தேவையில்லை. வீட்டின் படம், தங்கையின் பள்ளி, அப்பாவின் அலுவலகம் எல்லாவற்றையும் பெயரில்லாத கைகள் இரவோடு இரவாகத் திரட்டிப் போடுகின்றன. இந்தக் கைகளுக்கு நெறி எழுத எந்தச் சங்கமும் இல்லை.

இந்த இடத்தில் ஜப்பானியர்கள் ஓர் அமெரிக்கக் கதையைச் சொல்வார்கள். 1998 மார்ச்சில் ஆர்கன்சா மாநிலத்தின் ஜோன்ஸ்பரோவில் இரண்டு சிறுவர்கள் பள்ளிக்கு வெளியே ஒளிந்திருந்து சுட்டு நான்கு மாணவிகளையும் ஓர் ஆசிரியையும் கொன்றார்கள். சுட்டவர்களில் ஒருவனின் தாய்க்கு நாடெங்கிலுமிருந்து கடிதங்கள் பெட்டி பெட்டியாக வந்தன. திட்டுவதற்காக வந்தவை அல்ல. மகனை விட்டுவிடாதே, போய்ப் பார், மற்றப் பிள்ளையையும் கவனி என்று எழுதப்பட்டவை. நேரில் பார்த்த ஜப்பானியத் தொலைக்காட்சி நிருபர் ஷிமொமுரா கெனிச்சி வாயடைத்துப்போனார். அவர் சொன்ன இந்தக் கதையை மேற்கோள் காட்டாத ஜப்பானிய நூல் இந்தத் துறையில் அரிது.

அழகான ஒப்பீடு, அதனாலேயே எனக்குக் கொஞ்சம் சந்தேகம். மறு ஆண்டு ஏப்ரல் 20 அன்று கொலராடோவில் கொலம்பைன் பள்ளியில் இரண்டு மாணவர்கள் பன்னிரண்டு மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் கொன்று தங்களையும் சுட்டுக்கொண்டார்கள். இல்லினாயிலிருந்து வந்த ஒரு தச்சர், பக்கத்துக் குன்றின்மேல் பதினைந்து மரச்சிலுவைகளை நட்டார். பதினைந்து, கொன்றவர்களுக்கும் சேர்த்து. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தந்தை வந்து அந்த இரண்டைப் பிடுங்கிப் போட்டார். அவர் செய்தது தவறு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. கொன்ற இருவரில் ஒருவனின் தாய் சூ க்ளீபோல்ட், மகனைப் புதைத்தால் கல்லறையை விட்டுவைக்க மாட்டார்கள் என்று பயந்து எரியூட்டினார். அன்று செய்தி வந்துகொண்டிருந்தபோது, மேலும் யாரையும் கொல்லும் முன்பு தன் மகன் செத்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டதாகப் பின்னாளில் சொன்னார். பிறகு அவர் செய்த ஒன்று நம் கேள்விக்கு நேராக வருகிறது. கேமராமுன் வராமல், இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் தன் கையால் தனித்தனியாகக் கடிதம் எழுதினார். பொதுவெளியில் நூலாகப் பேச 2016வரை காத்திருந்தார். நூலின் வருவாயை மனநல அமைப்புகளுக்குக் கொடுத்தார்.

அமெரிக்காவில் இப்போது காற்று வேறு பக்கமும் வீசுகிறது. 2021 நவம்பரில் மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்ட் பள்ளியில் பதினைந்து வயதுச் சிறுவன் நால்வரைச் சுட்டுக் கொன்ற வழக்கில், 2024இல் தாயும் தந்தையும் தனித்தனி விசாரணைகளில் கொலை நோக்கமின்றி மரணம் விளைவித்த குற்றத்தில் தண்டிக்கப்பட்டார்கள். ஆளுக்குப் பத்து முதல் பதினைந்து ஆண்டு சிறை. என்ஸா கடல் கடந்து போய்விட்டதோ என்று கேட்கத் தோன்றும். இல்லை என்றே நினைக்கிறேன். சில நாட்கள் முன்புதான் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தார்கள்; அன்று காலை பள்ளி கூப்பிட்டு, அவன் வரைந்து வைத்திருந்த ரத்தப் படத்தைக் காட்டியும் வீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை. அவர்கள் என்ன செய்தார்கள், என்ன செய்யவில்லை என்பது நீதிமன்றத்தில் சாட்சிகளோடு அலசப்பட்டது. செகென் ஒருபோதும் சாட்சி கூப்பிடுவதில்லை.

செகென் என்ன செய்ய வல்லது என்பதற்கு 2019இன் ஒரு நிகழ்ச்சியைவிடக் கொடூரமான சான்று எனக்குத் தெரியாது. மே 28 அன்று கவாசாகியில் ஓர் ஆள் பள்ளிப் பேருந்துக்காக நின்ற குழந்தைகளைக் கத்தியால் வெட்டினான். வீட்டைவிட்டு வெளியே வராமல் ஒடுங்கி வாழ்ந்தவன் என்று செய்தி பரவியது. நான்கு நாள் கழித்து, ஜூன் 1 அன்று, தோக்கியோவில் வேளாண் அமைச்சகத்தின் முன்னாள் துணையமைச்சர் குமசாவா ஹிதேயாகி தன் நாற்பத்துநான்கு வயது மகனைக் கொன்றார். மகனும் ஒடுங்கி வாழ்ந்தவன், பெற்றோரை அடிப்பவன். அன்று பக்கத்துப் பள்ளியில் விளையாட்டு விழா. சத்தம் பொறுக்காமல் மகன் எரிச்சலானதைப் பார்த்து, இவனும் அப்படிப் போய்விடுவானோ என்று பயந்ததாக எழுபத்தாறு வயது அப்பா போலீசிடம் சொன்னார். ஆறாண்டு தண்டனை. குற்றவாளியின் தந்தை ஆகிவிடுவோமோ என்ற பயத்தில் அவர் குற்றவாளியே ஆனார். பிறருக்குத் தொல்லை கொடுக்கும் முன் முடித்துவிட்டாரே என்று அவரைப் பாராட்டி எழுதியவர்கள் இணையத்தில் கொஞ்சநஞ்சமல்ல.

இதையெல்லாம் சொல்லும்போது செத்தவர்களின் வீடுகளை மறந்துவிட்டுப் பேசுவதாக வாசகருக்குக் கோபம் வரலாம். அந்தக் கோபத்துக்கு முன் வைக்க எனக்கு ஒருவரைத் தெரியும்: ஹராதா மசஹாரு. 1983இல் அவருடைய தம்பியை, தம்பி வேலைபார்த்த இடத்து முதலாளியே காப்பீட்டுப் பணத்துக்காகக் கொன்று விபத்துபோல ஜோடித்தார். உண்மை அடுத்த ஆண்டு வெளியானது. கொலைகாரனைத் தன் கையாலேயே கொல்ல வேண்டும் என்றிருந்தது ஹராதாவுக்கு. ஹசெகாவா என்ற அந்தக் கொலைகாரர் சிறையிலிருந்து அவருக்கு மன்னிப்புக் கடிதங்கள் எழுதிக்கொண்டே இருந்தார். ஆரம்பத்தில் ஹராதா அவற்றைப் பிரிக்கக்கூட இல்லை. 1993இல் நாகோயா காவல் இல்லத்துக்குப் போய்க் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்த ஆளை நேரில் பார்த்தார். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அந்த மன்னிப்பு தனக்கு வந்தது, தன்னிடம் நேராகச் சொல்லப்பட்டது என்று உணர்ந்தார். தூக்கை நிறுத்தச் சொல்லி நீதி அமைச்சரிடம் மனுக் கொடுத்தார். 2001 டிசம்பரில் தூக்கிலிட்டார்கள். இதற்கிடையே ஹசெகாவாவின் அக்காவும் மகனும் தற்கொலை செய்துகொண்டிருந்தார்கள். அந்தச் சாவுகள் எதுவும் தம்பியைத் திருப்பித் தரவில்லை, தனக்கு ஆறுதலாகவும் இல்லை என்று ஹராதா எழுதினார். அவருக்காகத்தான் பழிவாங்குவதாகச் சொல்லிக்கொண்ட நாலு பேர், அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

வாகயாமாவின் நான்கு பிள்ளைகளுக்குத் திரும்பி வருகிறேன். மூத்த மகள் 2021 ஜூனில் தன் சிறு மகளோடு பாலத்திலிருந்து விழுந்து இறந்தாள். நால்வரில் ஒரே மகன், அம்மா கைதானபோது பள்ளிச் சிறுவன், இன்று தனியாக வாழ்கிறார். 2019இல் தன் பெயர் போடாமல், ஹயாஷி மசுமியின் மகன் என்ற அடையாளத்தோடு மட்டும் ஒரு நூல் எழுதினார். காப்பகத்தில் பட்ட அடி உதை, வேலையிடத்தில் தெரிந்துபோனதும் வந்த பிரச்சினை, நிச்சயமாகி நின்றுபோன கல்யாணம் எல்லாம் அதில் இருக்கின்றன. முகத்தை மறைத்துக்கொண்டு மேடைகளில் பேசுகிறார். அம்மாவைப் பார்க்க ஒசாகா காவல் இல்லத்துக்குப் போகிறார்.

அவருடைய நிலை மற்றவர்களுடையதைவிடச் சிக்கலானது. அம்மா செய்தார் என்றால் அவர் குற்றவாளியின் மகன். நால்வரின் குடும்பங்களுக்கு எழுத அவரிடம் ஒரு கடிதம் இருக்க வேண்டும். செய்யவில்லை என்றால், அப்பாவி ஒருத்தியைக் காவலில் கால் நூற்றாண்டு வைத்திருக்கும் நாட்டின்மேல் அவருக்கு ஒரு வழக்கு இருக்க வேண்டும். இரண்டில் எதை எழுதுவது என்று முடிவாகும்வரை, அவர் மாதா மாதம் ரயிலேறிப் போய்க் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து, நலமா என்று அம்மாவைக் கேட்டுவிட்டுத் திரும்பும் ஒரு மகன். அவர்கள் வீடு இருந்த இடம் இப்போது வெறும் பூங்கா. மதில் இல்லை; ஏணி சாய்க்க அங்கே ஒன்றும் இல்லை.